அண்டா தேய்க்கும் படம்

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுகிறாள். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறோம். நேர்த்தபால் நின்றுவிட்டதால் இதையும் சித்தப்பாவுக்கு அனுப்புகிறோம், அவர் தான் இருக்கும் நாட்டிலிருந்து உனக்குச் சேர்ப்பார். எல்லை எப்போது திறக்கும், உன்னை எப்போது விடுவார்கள் என்று நான் இப்போது யாரையும் கேட்பதில்லை. அப்பா மட்டும் காலையில் வானொலியைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு அணைத்துவிடுகிறார்.

சண்டை ஓய்ந்திருந்தபோது நீ அங்கே போய் எடுத்த அவர்கள் நாட்டுச் சிப்பாய்களின் படங்களை, நான் பெருக்கித் துடைக்கும் நகரக் கூடத்தில் மாட்டியிருந்தார்களே, முதல் வாரம் என்ன கூட்டம். காவல்காரர் அந்தப் பொத்தான் தைக்கிற பையனைப் பார்த்து, "நம்ம ஆளுங்க மாதிரியே நூல் கோக்கத் தெரியாம முழிக்கிறான் பாருங்கக்கா" என்று சிரித்தார். மறுபடி சண்டை மூண்டதும் அவரே எல்லாவற்றையும் கழற்றிப் பின்னறையில் போட்டார். "எனக்கென்ன ஆசையாக்கா, மேலேருந்து சொல்லிட்டாங்க" என்றார். அந்த அறை ஒழுகும். நேற்றுத் திறந்து பார்த்தேன். பொத்தான் தைத்த பையனின் முகத்தைத் துணியால் ஒற்றினேன், முகம் துணியோடு வந்துவிட்டது.

இன்னொன்று, எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. எதிர்வீட்டுத் தையல்கார அத்தையின் மகன், உன் கூட்டாளி, எல்லைக் காவலில் போன மாதம் இறந்துவிட்டான். நீ அங்கே போன மாதிரியே அந்த நாட்டுப் படக்காரர் இங்கே வந்திருந்தபோது, அவன் முகாமில் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்ப்பதைப் படம் எடுத்தாராம். "வீட்ல ஒரு டம்ளர் கழுவாதவன் அண்டா தேய்க்கிறதை அடுத்த நாடே பார்க்கப் போகுது" என்று விடுப்பில் வந்தபோது சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நம் பையன்களின் படங்களெல்லாம் அங்கேதானே மாட்டியிருந்தார்கள். அத்தையிடம் இருப்பது அவன் பள்ளிக்கூடத்துப் படம் மட்டும், மீசை வைத்த முகம் ஒன்றுகூட இல்லை. தினமும் வந்து, "உம்புள்ள அங்கதானே இருக்கான், அந்தப் படத்தை ஒரு படம் புடிச்சு அனுப்பச் சொல்லு" என்கிறாள். நம் கூடத்துப் பின்னறையைப் பற்றி நான் அவளிடம் வாய் திறக்கவில்லை. அங்கே பத்திரமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

முடிந்தால் போய்ப் பார். கேமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதே, இப்போது எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுவார்கள். படம் இல்லையென்றால் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. உன் கடிதம் வந்தால் அவள் வந்து உட்கார்ந்துவிடுவாள், தங்கச்சிதான் வாசித்துக் காட்டவேண்டும், இவளுக்குப் பொய் சொல்ல வராது, முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடு. யாரிடமும் வாய் கொடுக்காதே. எங்கிருந்தாலும் உயிரோடு நன்றாக இரு, வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். படம் இல்லையென்றாலும் எனக்கு எழுது. நான் எப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதானே வாசிப்பேன். இருக்கிறது என்று வாசித்துவிடுகிறேன்.