மேடு ஏறாத வண்டி

மார்ச் 5, புதன்

இன்றும் மேம்பாலத்தில் நின்றுவிட்டது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்கே ஏறும்போது, பாதி மேட்டில் முன்னால் போன பஸ் நின்றது. நானும் நின்றேன். பஸ் கிளம்பியது, நான் கிளம்பவில்லை. முதல் கியரில் கிளட்ச்சை விட்டால் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துபோகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, இழுவை வரவில்லை. பின்னால் வரிசையாக ஹாரன். ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா, இங்கயே பார்க் பண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிளட்ச் கருகும் நாற்றத்தோடு ஒருவழியாக ஏறினேன். பள்ளிக்குள் நுழையும்போது புடவை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தம்பி காலேப் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது என் பேருக்கு மாற்றிக் கொடுத்த வண்டி இது. வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு கதவு வண்டி, கையால் கியர் போடுவது. இன்ஜின் சின்னதுதான், ஆனால் கூடவே ஒரு சூப்பர்சார்ஜர் இருக்கிறது. அது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அதனால் மெதுவாகப் போகும்போதே வண்டிக்கு நல்ல இழுவை. "அக்கா, செகண்ட் கியர்லயே ஆளைத் தூக்கிட்டுப் போகும், பாத்துக்கோ" என்றான் சாவியைக் கொடுக்கும்போது. ஜனவரி வரை அப்படித்தான் போனது. இப்போது தண்ணி லாரி மாதிரி முக்குகிறது.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ஸ்டெபினிடம் சொன்னேன். "வண்டில ஒண்ணும் இல்ல பியூலா. போன மாசம்தான் சுகுமார்கிட்ட விட்டு சர்வீஸ் பண்ணிக் குடுத்தேன். உன் கால்ல பயம் வந்துடுச்சு" என்றார். நாற்பத்தாறு வயதில் பயம் கால் வழியாகவா வரும்? வரலாம். எனக்கு என்ன தெரியும்.

மார்ச் 11

காலையில் மெஹ்ரீன் கேம்ப் ரோட்டில் ஏறிக்கொண்டாள். எங்கள் பள்ளியின் உயிரியல் டீச்சர். வாய் ஓயாது. "முன்னாடியெல்லாம் இந்த வண்டி விசில் அடிச்சுக்கிட்டே போகுமே மேடம், இப்ப ஏன் சைலன்ட்டா போகுது?" என்று கேட்டாள். நான் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சும்மா வா மெஹ்ரீன்" என்றேன். இன்று நிற்கவில்லை. ஹாஃப் கிளட்ச்சிலேயே ஏற்றினேன். நாற்றம் மட்டும் வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஸ்டெபின் எல்லாரிடமும் சொல்கிறார்: "எங்க வீட்டம்மா வண்டி எடுக்கறாங்கன்னா பாலத்துல எக்ஸ்ட்ரா போலீஸ் போடணும்." சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன்?

மார்ச் 24

எழுதவே கை ஓடவில்லை. மத்தியானம் கரெஸ்பாண்டன்ட் ஏசுதாசன் சார் கூப்பிட்டு அனுப்பினார். படப்பை தாண்டிப் புதுக் கிளை கட்டிக்கொண்டிருக்கிறோமே, ஜூனில் திறக்கிறார்கள். அதற்கு நான் தலைமை ஆசிரியையாக வேண்டுமாம். "வேற யாரையும் நான் யோசிக்கவே இல்ல டீச்சர். ஏப்ரல் கடைசிக்குள்ள சொல்லுங்க போதும்" என்றார். அங்கேயே சொல்லியிருப்பேன். மரியாதைக்காக, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன். எத்தனை வருஷமாக அடுத்தவர்கள் போட்ட டைம்டேபிளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். என் பள்ளியில் பிள்ளைகளை வெயிலில் முட்டி போட வைக்க விடமாட்டேன். கணக்கு வராத பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைக்க விடமாட்டேன்.

ஸ்டெபினிடம் சொன்னேன். "நல்ல விஷயம்" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "எப்படிப் போவ?" என்றார்.

அதுதான் கேள்வி. பள்ளி வாசலுக்கு பஸ் கிடையாது. பிள்ளைகளுக்கு வேன் உண்டு, தலைமை ஆசிரியை அதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். பாலம் ஏறி, முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை. ஒரகடம் போகும் லாரிகளுக்கு நடுவில், தினமும், இந்தக் காலோடு.

ஏப்ரல் 3

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சேலையூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். மாணவிகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, எல் போர்டு மாட்டிய வண்டியில் உட்கார்ந்தேன். மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார் வாத்தியார் ஜெயவேலு. கிளப்பினேன். திரும்பவும் சொன்னார். திரும்பவும் கிளப்பினேன். "உங்களுக்கு எதுக்கு மேடம் கிளாஸு? பணத்த வாங்கினு போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். ஸ்டெபின் சிரித்தார். "அவன் பக்கமும் ஒரு கிளட்ச் இருக்கும், தெரியுமில்ல? நீ தப்புப் பண்ணும்போதெல்லாம் அவன் மிதிச்சிருப்பான்."

அட, ஆமாம். அதை யோசிக்கவே இல்லை. இனி அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

ஏப்ரல் 12, சனி

ஒத்திகை பார்க்கலாம் என்று மெஹ்ரீனைக் கூட்டிக்கொண்டு படப்பைக்குக் கிளம்பினேன். மண்ணிவாக்கம் கூட்டு ரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே லாரி தூரத்தில் வந்தது, எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது. முதல் கியரில் எடுத்து செகண்ட் போட்டு மிதித்தேன். ஒண்ணும் வரல. வண்டி நடு ரோட்டில் ஊர்ந்துகிட்டு இருக்கு, லாரி வந்துகிட்டே இருக்கு, நான் மிதிக்கிறேன் மிதிக்கிறேன் — பிரேக் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மெஹ்ரீன் பக்கத்துக் கண்ணாடியை ஒட்டி பம்பர் நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து திட்டியதை எழுத மாட்டேன்.

மெஹ்ரீன் வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

படப்பை போகவில்லை. திரும்பிவிட்டோம்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

ஒரே ஒரு தடவை நீங்க அந்த வண்டியை ஓட்டிப் பாருங்களேன் என்று ஸ்டெபினிடம் கெஞ்சினேன். "எனக்கு எதுக்கு அந்த டப்பா" என்று தன் பெரிய ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொண்டு ஆராதனைக்குப் போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

ஏப்ரல் 28

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன். "நல்லா யோசிச்சீங்களா டீச்சர்?" என்றார் ஏசுதாசன் சார். யோசித்தேன் சார், லாரி பம்பரைத்தான் யோசித்தேன். சொல்லவில்லை. தோத்தாத்ரி சாரைப் போடப்போகிறார்களாம். நல்ல மனிதர், பிசிக்ஸ். பிள்ளைகளை முட்டி போட வைப்பார்.

போனில் சொல்லியிருந்தேன், வரும்போது ஸ்டெபின் பிரியாணி வாங்கி வந்தார். எனக்குப் பிடித்த கடையில், கத்தரிக்காய் கூடுதலாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். "விடு, எதுக்கு இந்த வயசுல அலைச்சல்" என்று தட்டில் எடுத்து வைத்தார். எவ்வளவு நாள் ஆயிற்று இப்படிப் பேசி. இந்த மனிதரைப் போய்ச் சில நேரம் தப்பாக நினைக்கிறோமே என்றுகூடத் தோன்றியது.

மே 9, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில்.

கிளட்ச் இரண்டு நாளாக வழுக்கியது. ஸ்டெபின் அலுவலக வேலையாக ஓசூர் போயிருந்தார். எப்போதும் அவர்தான் சுகுமார் ஒர்க் ஷாப்புக்கு எடுத்துப் போவார். இன்று நானே போனேன். சுகுமார் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "கிளட்ச் கருகாம இன்னா மேடம் பண்ணும்? இந்த செட்டிங்க வச்சிகினு பாலம் ஏத்துனா அப்டித்தான்."

எந்த செட்டிங் என்றேன்.

"அதான் மேடம், லேடீஸ் செட்டிங். பிப்ரவரி சர்வீஸ்ல சாரு வைக்க சொன்னாரே."

பானெட்டைத் திறந்து காட்டினார். சூப்பர்சார்ஜரை ஒட்டி ஒரு சின்ன வால்வு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அது மூடிக்கொண்டால்தான் அழுத்திய காற்று இன்ஜினுக்குப் போகுமாம். அதை மூடவிடாமல் ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. காற்று வந்த வழியே திரும்பிப் போய்விடும். மெதுவாகப் போகும்போது இழுவையே இருக்காது. விசில் சத்தமும் இருக்காது.

"நீங்கதான் கேட்டதா சொன்னாரு சாரு. 'மேடம் பயப்படறாங்க, கொஞ்சம் அடக்கி வை'ன்னாரு. நெறைய பேரு கேக்கறதுதான் மேடம். பொண்ணுக்கு வண்டி குடுக்கறவங்க, வூட்டம்மாவுக்குக் குடுக்கறவங்க." இதில் மறைக்க ஏதும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. ஏசி கேஸ் ரொப்பினதைச் சொல்வது போலச் சொன்னார்.

அவுத்துடுங்க என்றேன். "சாருக்கு ஒரு போன் போட்டுட்டு..." என்று இழுத்தார். வண்டி என் பேர்ல இருக்கு என்றேன். கட்டிங் பிளேயரால் வெட்டினார். கிளட்ச் பிளேட்டும் மாற்றும்வரை அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

வரும்போது பாலத்தில், பாதி மேட்டில், வேண்டுமென்றே நிறுத்தினேன். பின்னால் ஹாரன். முதல் கியர் போட்டு கிளட்ச்சை விட்டேன். விசில் அடித்துக்கொண்டு ஏறியது. என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. இறக்கத்தில் ஓரமாக நிறுத்தி அழுதேன். சந்தோஷத்தில் இல்லை.

அன்று மண்ணிவாக்கத்தில் பக்கத்து சீட்டில் மெஹ்ரீன் உட்கார்ந்திருந்தாளே. அந்த ஆளுக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு. லாரி விஷயத்தை அன்னிக்கே அழுதுகிட்டே சொன்னேனே — தெரிஞ்சுகிட்டே கேட்டுகிட்டு இருந்தாரே.

மே 10

ஓசூரிலிருந்து வந்தார். சாம்பார் வைத்தேன்.

மே 11, ஞாயிறு

கேட்டுவிட்டேன். ஆராதனை முடிந்து வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுகுமாரிடம் போயிருந்தேன் என்றேன். பேப்பர் இறங்கவில்லை. "அவன் எதாவது உளறுவான்" என்றார். டேக்கை வெட்டிவிட்டார் என்றேன். அப்போதுதான் இறங்கியது.

"உன் சேஃப்டிக்குத்தான் பியூலா."

மண்ணிவாக்கத்தில் லாரி வந்தபோதுமா என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவரே ஆரம்பித்தார். குரல் வேறாக இருந்தது. "ஜனவரி ஒண்ணாந்தேதி மகாபலிபுரத்துலேர்ந்து வந்தோமே. பாஸ்டரை என் வண்டியில உக்கார வச்சுக்கிட்டு வர்றேன், நீ விசிலடிச்சுக்கிட்டு ஓவர்டேக் பண்ணிட்டுப் போற. பாஸ்டர் என்ன கேட்டார் தெரியுமா? 'பிரதர், சிஸ்டர் எப்பவுமே உங்களுக்கு முன்னாடிதானா?'ன்னு கேட்டார். வண்டியே சிரிச்சுது."

எனக்கு அவரை முந்தியது ஞாபகமே இல்லை. ரோடு காலியாக இருந்திருக்கும், போயிருப்பேன்.

இவ்வளவுதானா? ஒரு பாஸ்டரின் ஜோக்கா? இதற்காகவா நான் எல் போர்டு வண்டியில் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்? இதற்காகவா என் பள்ளி போயிற்று? கேட்டேன், எல்லாவற்றையும் கேட்டேன். கடைசியில் சொன்னார்: "வேலையை நானா வேண்டாம்னு சொல்லச் சொன்னேன்? நீயாத்தானே சொன்ன."

உண்மை. நானாகத்தான் சொன்னேன். பிரியாணியை வேறு ருசித்துச் சாப்பிட்டேன்.

மே 14

ஏசுதாசன் சாரைப் பார்த்தேன். உடம்பு சரியாகிவிட்டது என்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. தோத்தாத்ரி சாருக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. "ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா டீச்சர்" என்றார். அங்கே வேறு ஏதாவது இடம் உண்டா என்று கேட்டேன். கணக்கு டீச்சர் இடம் மட்டும் இருக்கிறது, உங்கள் சீனியாரிட்டிக்கு அது கௌரவமாக இருக்காது என்றார்.

போறேன் சார் என்றேன்.

மே 15

"யாரைக் கேட்டு?" என்றார் ஸ்டெபின். வண்டிச் சாவி இரண்டும் இப்போது என் கைப்பையில்.

ஜூன் 2, திங்கள்

முதல் நாள். பாலத்தில் டிராபிக், மேட்டில் நின்று நின்று ஏறினேன். மண்ணிவாக்கத்தில் லாரிக்கு வழி விட்டுவிட்டு வலப்பக்கம் திரும்பினேன், செகண்டில் ஒரே இழுப்பு. பள்ளி வாசலில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டேன் போலிருக்கிறது, வாட்ச்மேன்தான் கேட்டைத் திறந்தார். கார்களை நிறுத்தும் இடத்தில் தலைமை ஆசிரியர் என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்தது. அதற்கு அடுத்த இடத்தில் நிறுத்தினேன்.

பிரேயர் முடிந்ததும் தோத்தாத்ரி சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றபடியே பேசினார். "நியாயமா நீங்க உக்கார வேண்டிய சீட் மேடம். ஏன் வேண்டாம்னு சொன்னீங்கன்னு எனக்குப் புரியவே இல்ல."

"வண்டி மேடு ஏறல சார்" என்றேன்.

நான் ஏதோ ஜோக் சொன்னதாக நினைத்து நன்றாகச் சிரித்தார். பெல் அடித்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்.