உள்நுழையும் பெயர்

கண்டி
2008 ஜனவரி 26

அன்புள்ள செசிலியா அக்கா,

நீங்களும் நவரட்ணராஜா அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே கடும் பனி என்று எழுதியிருந்தீர்கள். இங்கே நல்ல வெயில், ஆனால் ஊர்தான் உறைந்து கிடக்கிறது. போர்நிறுத்தம் முடிந்ததிலிருந்து வாவிக்கரை விடுதிகளில் ஆளில்லை. அக்குறணையிலிருந்து நான் வருகிற பஸ்ஸை வழியில் மறித்து, எல்லோரையும் இறக்கிப் பார்க்கிறார்கள். அலுவலகப் படியேறிக் கணினியைத் திறப்பதற்குள்ளேயே களைத்துப்போகிறேன்.

வேலை விஷயம் ஒன்று எழுத வேண்டும். நீங்கள் கனடா போன பிறகும், விடுதிகளுக்காக நாம் நடத்துகிற இணையத்தளங்கள் எல்லாமே நீங்கள் எழுதிய நிரல்களில்தான் ஓடுகின்றன. ஓர் அறையின் வாடகையை மாற்றவும் உங்களைத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. கட்டுகஸ்தோட்டை விடுதி முதலாளி நேற்றுத் தொலைபேசியில் ஏசினார். "மகள், வாடகையக் குறைச்சிப் போடச் சென்னது எப்ப? கனடாவில விடியுமட்டும் நான் காத்துக்கிட்டு ஈக்கணுமா?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

எல்லாத் தளங்களையும், இலவசமாகக் கிடைக்கிற ஓர் உள்ளடக்க முகாமைத்துவ மென்பொருளுக்கு மாற்றிவிடுவோமா? வாடிக்கையாளர் தம் பெயரைக் கொடுத்து உள்ளே நுழைந்து, வேண்டியதைத் தாமே மாற்றிக்கொள்ளலாம். ஜூம்லா, ட்ரூபல் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஜூம்லா பழக லேசு. ட்ரூபல் கொஞ்சம் சிரமம், ஆனால் ஒரு தரம் நிறுவினால் அதிலேயே பல தளங்களை ஓட்டலாம். தனியாளாக நிற்கிற எனக்கு அதுதான் தோதாகப் படுகிறது. உங்கள் சொல் இல்லாமல் எதையும் தொடமாட்டேன்.

அன்புடன்,
கைரியா

டொரன்டோ
2008 பெப்ரவரி 3

என் அன்புக் கைரியா,

கட்டுகஸ்தோட்டை வாடகையை மாற்றிவிட்டேன். பிந்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதாக முதலாளியிடம் சொல்.

ட்ரூபல் நல்லதுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றில் வைத்தால், உன் கையால் ஒரு பிழை நடந்தாலும் எல்லாத் தளமும் சேர்ந்து படுத்துவிடும். பழைய பக்கங்களை ஏற்றி முடிக்க மாதக்கணக்காகும். விடுதிக்காரர்களுக்குத் தட்டச்சும் பழக்க வேண்டும். யோசித்தாயா?

இதை எழுதும்போது பின்னால் நின்று வாசித்துவிட்டு இவர் கேட்கிறார்: "உண்மையைச் சொல்லும், செசிலியா. பிழை ட்ரூபலிலயா?"

சரி, சொல்கிறேன். பகலில் நான் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்கிறேன். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து நம் தளங்களுக்குள் நுழைந்தால்தான் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, ஓர் ஊர் இருக்கிறது. தடுப்புக்காவலிலிருந்து வந்த நாள்முதல் இவர், யாராவது கதவைத் தட்டினாலே எழும்பி நின்றுவிடுகிறார். திரும்பிப் போகிற பேச்சை எடுப்பதே இல்லை. நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "அம்மான்ர வேலை கண்டியிலதானே. நாடு அடங்கினதும் போவம்."

இன்னும் கொஞ்சம் பொறு. எந்நேரமென்றாலும் எழுப்பு, எழும்புவேன்.

உன்,
செசிலியா அக்கா

கண்டி
2008 ஜூன் 29

அன்புள்ள அக்கா,

பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு வெடித்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பிறகு இங்கே எல்லோரையும் எல்லோரும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். நம் வாடிக்கையாளர் ஒருவர், தன் தளத்துக்குள் வெளிநாட்டிலிருந்து யாரோ வந்துபோவதாகப் பொலிஸில் சொல்லியிருக்கிறார். அவருக்கு உங்களைத் தெரியாது. பயந்திருப்பார்.

இரண்டு பேர் வந்து என்னை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். சிங்களத்தில்தான் கேட்டார்கள். "கனடாவிலிருந்து உள்ளே வருகிற இந்த செசிலியா யார்? யாழ்ப்பாணமா? புருஷன் முன்பு பிடிபட்டவன்தானே?" அறை வாடகை மாற்ற வருகிறார் என்றேன். ஒருவர் சிரித்தார். "அறை வாடகை மாற்றக் கனடாவிலிருந்தா?" எனக்கே அது பொய்போலக் கேட்டது, அக்கா.

பொழுதுபட்டு வெளியே வந்தபோது வாப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். காலையிலிருந்து நிற்கிறாராம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிறகு, "மகள், ஒண்டு ஆபீஸப் பூட்டு. இல்லாட்டி அந்தப் புள்ளைட பேர எடுத்துப்போடு" என்றார்.

பூட்ட என்னால் முடியவில்லை. இரவு பகலாக இருந்து எல்லாத் தளங்களையும் ட்ரூபலுக்கு மாற்றிவிட்டேன். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் உள்நுழையும் பெயர் கொடுத்தேன். உங்களுக்குக் கொடுக்கவில்லை. உங்களிடமிருந்த பழைய கடவுச்சொற்களும் இனி வேலை செய்யாது.

உங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீங்கள் பொறு என்றிருப்பீர்கள், நானும் பொறுத்திருப்பேன். ஏசுங்கள் அக்கா. ஏசியாவது எழுதுங்கள்.

கைரியா

டொரன்டோ
2008 ஜூலை 20

அன்புக் கைரியா,

ஏச ஒன்றுமில்லை. இவர் உன் கடிதத்தை வாசித்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு அடிச்சவங்களோ?" என்று மட்டும் கேட்டார். இல்லையென்றுதான் நினைக்கிறேன் என்றேன். பிறகு போய்ப் படுத்துவிட்டார்.

தளங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நன்றாகச் செய்திருக்கிறாய். நான் பயந்ததுபோல ஒன்றும் படுத்துவிடவில்லை. கட்டுகஸ்தோட்டை முதலாளி "சுத்தமான அரைகள் உண்டு" என்று தானே எழுதிப் போட்டிருக்கிறார். அந்த எழுத்துப்பிழையைத் திருத்த என் கை தன்பாட்டில் போனது. உள்ளே போக வழியில்லை. இருக்கட்டும், தேடி வருகிறவர்களுக்கு விளங்கும்.

நேற்றுச் சாப்பிடும்போது பிள்ளைகளிடம், "இனி நாங்கள் கண்டிக்குப் போகமாட்டம்" என்றேன். மூத்தவள் குனிந்துகொண்டாள். சின்னவன், "தெரியும் அம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டான். இவ்வளவு நாளும் அவர்கள் எனக்காகத்தான் தலையாட்டியிருக்கிறார்கள்போல.

அலுவலகப் பெயர்ப் பலகையில் என் பெயரை அழித்துவிடு. இதற்குப் பதில் போடாதே, இனி எழுதவும் வேண்டாம். வருகிற கடிதங்களையும் பொலிஸார் பார்க்கக்கூடும். வாப்பாவை இன்னொரு தரம் அந்த வாசலில் நிற்க வைக்காதே.

மறுபடியும் வந்து கேட்டால், செசிலியா என்று யாரையும் தெரியாது என்று சொல். தயங்காமல் சொல். எனக்கு மனம் நோகாது.

செசிலியா