காற்றுக்கும் சுற்றும் மீட்டர்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

இந்தக் கடிதத்தை முழுக்க நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. நம்பிக்கை வராவிட்டால் எழுத்தின் கோணலைப் பார், குழாய் ரிப்பேர்க்காரன் கை என்று தெரியும். இன்றோடு நான்கு நாள் ஆகிறது. ஒரு பென்சில் பாதியாகிவிட்டது. இந்த மனுஷன் காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூடச் சிரிக்கவில்லையே என்று உன் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது சும்மா இருக்கிறாள், இறங்கும்போதுதான் என்னைத் திட்டுகிறாள்.

போன மாதம் போனில், நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில் உன் ஆராய்ச்சியைக் குறிப்பிட்டிருக்கிறார்கள், பேராசிரியர் பதவிக்கு அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று சொன்னாய். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்களைப் போன்ற வயதானவர்களுக்குத் தமிழ் எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் சொல்லித்தரும் நூலகத்து அம்மாவிடம் ஓடினேன். உன் பெயர் வரும் கட்டுரைகளில் அறுபதை எடுத்து, கடைசிப் பக்கங்களை மட்டும் அச்சடித்து, மேலே எழுதியவர் பெயரையும் குறித்துத் தந்தார். உள்ளே இருப்பது எனக்கு எட்டாது. கடைசியில் வரும் பட்டியல் என்னைப் போன்றவனுக்கென்றே செய்தது. சின்னச் சின்ன வரி, ஒரு பெயர், ஒரு வருஷம். உன் பெயர் வந்த இடமெல்லாம் சிவப்பில் வட்டம் போட்டேன். இந்த வயதில் மகன் பெயரைத் தானே படிக்கிறவன் சந்தோஷம் உனக்குப் புரியாது.

வட்டம் போடப் போட ஒன்று உறுத்தியது. அறுபதில் நாற்பத்தொன்றை எழுதியவர்கள் அதே ஆறு பேர். உன் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களையும் கேட்டு வாங்கினேன். அங்கேயும் அதே ஆறு பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர், நம் வீட்டில் இரண்டு நாள் தங்கி, குளியலறைக் குழாயைச் சரியாக மூடாமலே போன உன் கண்ணாடிக்கார நண்பர். அவர் எழுதியது கோழித் தீவனத்தைப் பற்றியாம். நீ செய்வது தண்ணீர் வடிகட்டி. கோழிக்கும் உனக்கும் என்னப்பா சம்பந்தம்?

நூலகத்து அம்மா உள்ளே தேடிப் பார்த்து, தலையில் கைவைத்துச் சிரித்தார். தண்ணீர் உயிருக்கு அவசியம் என்று ஒரே ஒரு வரி இருக்கிறதாம். அதற்குச் சாட்சியாக உன் கட்டுரைகள் ஒன்பது! தண்ணீர் அவசியம் என்பதற்கு ஒன்பது சாட்சி எதற்கு, கோழியைக் கேட்டாலே சொல்லுமே என்றேன்.

உனக்குத் தெரியாததில்லை. தண்ணீர் வராத நாளில் குழாய்க்குள் காற்று ஓடும். அந்தக் காற்றுக்கும் மீட்டர் சுற்றும். சொட்டுத் தண்ணீர் பிடிக்காத வீட்டில் எண் ஏறியிருக்கும். நாற்பது வருஷம் அதைப் பார்த்தவன் நான். அதனால் எண்ணைக் கண்டதும் குழாயைத் திறந்து பார்க்கத்தான் கை போகிறது. கோபித்துக்கொள்ளாதே.

அறுபதில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. தூரத்து ஊர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண் எழுதியது. உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை, மூன்று பக்கம்! ஆசையாக முழுதும் படித்துச் சொல்லச் சொன்னேன். நூலகத்து அம்மா தயங்கித் தயங்கித்தான் படித்தார். நீ சொன்ன அளவிலேயே மணலும் கரியும் போட்டு, அந்தப் பெண் அதே வடிகட்டியைச் செய்து பார்த்திருக்கிறாள். ஆறு மாதம் தாங்கும் என்று நீ எழுதியிருக்கிறாய். எட்டாவது வாரத்திலிருந்து உள்ளே போன தண்ணீரைவிட வெளியே வந்த தண்ணீரில்தான் கிருமி அதிகம் என்கிறாள். கரியில் அழுக்குச் சேர்ந்தால் அப்படி ஆகும் என்பது எனக்கே தெரியும். கணக்கில் அதுவும் உனக்கு ஒன்றுதானாம். புகழ்ந்தாலும் ஒன்று, குறை சொன்னாலும் ஒன்று. நல்ல கணக்கு!

அடியில் சின்ன எழுத்தில், உனக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை என்று போட்டிருக்கிறாள். அந்த வரியை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். தபால் தவறியிருக்கலாம். வேலை மும்முரத்தில் நீ பார்க்காமல் விட்டிருக்கலாம். அப்படித்தான் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டு இருந்தாள்.

தம்பி, உன் வடிகட்டியை மூன்று பள்ளிக்கூடங்களில் மாட்டியிருக்கிறார்கள் என்று படம் அனுப்பினாயே, அவை மாட்டி எத்தனை வாரம் ஆயிற்று? நான் விரல் விட்டு எண்ணினேன், பத்து வருகிறது. தப்பாக எண்ணியிருந்தால் திருத்து.

பதவிக்கு உன்னை அழைத்திருக்கும் நாள் அடுத்த மாதம்தானே. அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்த கையோடு, அந்தப் பள்ளிகளில் குழாயை மூடச் சொல். பிறகு அந்தப் பெண்ணுக்கு எழுது. அந்த நானூற்றுப் பன்னிரண்டை எழுதியவர்களில் உன்னை உட்கார்ந்து படித்தவள் அவள் ஒருத்தி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் பதவி தள்ளிப்போனால் போகட்டும், அடுத்த வருஷமும் நாற்காலி அங்கேயேதான் இருக்கும். பிள்ளைகளுக்கு வயிறு ஒன்றுதான்.

அவளுக்கு எழுதும் பதிலின் நகல் ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எனக்கு அனுப்பு. யாரையும் படிக்கச் சொல்ல மாட்டேன், நானே படித்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்
அப்பா