பிள்ளை மடுவத்து வயர்கள்

இன்று காலை மேசைக்கு அடியிலிருந்து கருகல் வாசம் வந்தது. வகுப்புத் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. கணினியை அணைத்துவிட்டு, முழங்காலிட்டு உள்ளே தலையை விட்டேன். ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுச் சுவரும் வியர்க்கும். பிளக் ஒன்று ஈரம் கண்டு கருத்திருந்தது. அதைச் சுற்றி ஒரே சிக்கல். பிரிண்டர் வயர், ரவுட்டர் வயர், எப்போதோ பழுதாகிப்போன போனின் சார்ஜர், எல்லாம் தூசியோடு பின்னிக் கிடந்தன.

ஒன்றை இழுக்கப் போன கை தானாக நின்றது. "எந்த வயர் எதுக்குன்னு தெரியாம எதையும் புடுங்காதடி" என்று நீ சொல்வாய். வயரை விரலால் தடவிக்கொண்டே மறுமுனை வரை போய்ப் பார்த்த பிறகுதான் கழற்றினேன். நீ செத்துப்போன பிறகும் என் கை உன் பேச்சைக் கேட்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது.

கந்தப்பளையில், நம் தேயிலைத் தோட்டத்துப் பழைய பிள்ளை மடுவம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்ல ஒரு காலத்தில் கட்டியது. பிறகு உரமூட்டை அடுக்கும் இடமாகிவிட்டது. அதை நாம் இருவரும் கணினி வகுப்பு நடத்தக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, கழுவி, சுண்ணாம்பு அடித்தோம். கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினிகள் லொறியில் வந்தன. லொறி அந்த ஏற்றத்தில் ஏறவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் வழுக்கி வழுக்கி, நாமே ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தோம்.

வயர் வேலை எல்லாம் உன்னுடையது. தையல்கடையில் வெட்டுத்துணி கேட்டு வாங்கி வந்து, ஒரு மேசைக்கு ஒரு நிறம் என்று கட்டுவாய். உனக்கென்று ஒரு முடிச்சு இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகுவாய். ஒரே இழுப்பில் அவிழும். நான் பாடம் நடத்தும்போது மேசைக்கு அடியிலிருந்து உன் குரல் வரும். "டீச்சர், கொஞ்சம் காலத் தூக்குங்க!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள். அவர்களில் செல்விதான் கெட்டிக்காரி. பரீட்சையில் தேறினால் வங்கியில் வேலை பார்ப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்போதுதான் மடுவத்தைச் சுற்றுலாக்காரர் தங்கும் விடுதியாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தாய் தகப்பன்மாரைக் கோயிலடியில் கூட்டினோம். பிள்ளைகள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை சாவியைக் கொடுப்பதில்லை என்று முடிவானது. மறுநாள் காலை நாம் இருவரும் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் மடுவத்து வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். "நாளைக்கு நீ பேசுடி. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாய். நான் எழுந்தபோது, "நீ போ, நான் கூட்டிப் பெருக்கிட்டு வர்றேன்" என்றாய்.

காலையில் தொரையின் ஆபீசு வாசலில் உனக்காகக் காத்து நின்றேன். நீ வரவில்லை. முந்தின நாள் பெருக்க நின்ற இடத்தில் உனக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பதறி மடுவத்துக்கு ஏறினேன். கதவு திறந்திருந்தது. ஆட்கள் மேசைகளை வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள். மூலையில், சாக்குப் போர்த்திய கணினிகளுக்குப் பக்கத்தில், வயர்கள் இருந்தன. பிடுங்கி எறிந்திருந்தால் தொரையின் ஆட்கள் செய்தது என்றே நம்பியிருப்பேன். ஆனால் அவை சுருள் சுருளாக, நிறம் பிரித்து, உன் முடிச்சுப் போட்டு அடுக்கியிருந்தன. தேத்தண்ணி குடித்த கையோடு உட்கார்ந்து, பொறுமையாக, ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறாய்.

திரும்ப ஆபீசுக்கு ஓடினேன். உள்ளே, ஜன்னலோரத்து மேசையில் நீ உட்கார்ந்திருந்தாய். உனக்கு அங்கே வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"சாவிய நீயா குடுத்த?"

"அப்பா வேலைய விட்டு நின்னுட்டாருல்ல. வீட்டுல யாரும் தோட்டத்துல வேல பாக்கலன்னா லயத்து வீட்ட விட்டு எழுப்பிருவோம்னாங்க."

"நேத்து ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சோமே. அப்ப சொன்னா என்ன?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?" என்றாய். பிறகு நீ என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பரா போய்விடுமே என்று பயந்ததற்காக உன்னை நான் வெறுக்கவில்லை. அந்தப் பயம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. நாம் இருவரும் பேசிவைத்துத்தான் சாவியைக் கொடுத்தோம் என்று லயமெல்லாம் பேசியது. ஒருநாள் பீலியடியில், தண்ணீர் பிடிக்க நின்ற எல்லோர் முன்னாலும், செல்வியின் அம்மா கேட்டாள். "ஒங்களுக்கும் ஆபீசுல வேல ரெடியாமே டீச்சர்?"

நீ அங்கேதான் குடத்தோடு நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குடம் நிரம்பும்வரை தண்ணீரையே பார்த்திருந்துவிட்டு, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாய்.

நான் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தேன். ஒருநாள் நீ எனக்குப் போன் எடுத்துப் பேசுவாய் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வந்தது உன் சாவுச் செய்தி. நெஞ்சு வலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

உன் சாவு வீட்டுக்கு வந்தேன். தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத பிறகு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "என்னப் பத்தி எப்பவாச்சும் ஏதும் சொன்னாளா, அம்மா?"

"ஒம்பேர எடுத்தாலே எந்திரிச்சு வெளிய போயிருவா, தாயி."

செல்வியின் அம்மா எனக்குப் பின்னால்தான் நின்றாள். "ரெண்டு பேரும் சேந்துதானே நம்ம புள்ளைகளக் கைவிட்டாளுக" என்று யாரிடமோ சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். உன் அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் தெரிந்தது, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று. நான் வாயைத் திறக்கவில்லை.

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது' என்பது நீ சொல்ல வேண்டிய சொல். இனி நான் சொன்னால், செத்தவள் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். உன் பங்கையும் சேர்த்து இனி நான்தான் சுமக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, நுவரெலியாவில் ஏறிய ராகலை பஸ்ஸில் செல்வி உட்கார்ந்திருந்தாள். கொழும்பில் யார் வீட்டிலோ சமைக்கிறாளாம். என்னைக் கண்டதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கந்தப்பளை வரைக்கும் நின்றபடியே போனேன்.