கெல்பெக் கேட்

6 பிப்ரவரி 2023, திங்கள்

பெரில் காலையிலேயே வந்துவிட்டாள். கையில் மேப், ஒரு பாக்கெட் பிஸ்கட். மே மாதம் மூன்று நாள் நடைப் பயணம், நாம் இருவர் மட்டும், மறுபேச்சு கிடையாது என்றாள். "எழுபது வயசுல நடக்காம எப்போ நடக்கப் போறே? சவப்பெட்டிய மத்தவங்க தூக்கிட்டுப் போவாங்க, அப்ப உனக்கு நடக்கிற வேலை இல்ல." இப்படி ஒரு சிநேகிதி. என் கணவர் டெரிக் இறந்து பதினைந்து மாதம் ஆகிறது. அதற்கப்புறம் நான் தபால்பெட்டியைத் தாண்டி நடந்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். பூட்ஸைத் தேடி எடுத்தேன், உள்ளே சிலந்தி.

9 பிப்ரவரி, வியாழன்

சாப்பாட்டு மேசை முழுக்க மேப். ஒரு நாளைக்கு ஒன்பது மைலுக்கு மேல் கிடையாது, ராத்திரி வெந்நீர்க் குளியல் உள்ள வீட்டில்தான் தங்க வேண்டும். இவை என் நிபந்தனைகள். இன்னொன்றும் சொன்னேன்: எங்கே வேண்டுமானாலும் போகலாம், கெல்பெக் பக்கம் மட்டும் வேண்டாம்.

பெரில் காரணம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். கெல்பெக்கில்தான் அப்பாவின் பண்ணை இருந்தது. 1996 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெரிக்கும் அவர் தம்பி வெர்னனும் ஓடைக்கரைப் பாதை வழியாக நடந்துவிட்டு வந்தார்கள். கீழ்வயல் கேட் திறந்தே கிடந்தது. விடிவதற்குள் சினைக் கிடாரிகள் வெளியேறி ரயில் பாதைக்குப் போய்விட்டன. ரயில் மோதி ஏழு செத்தன. அப்பா அந்த இலையுதிர் காலத்தோடு பண்ணையை விற்றார். டவுனில் ஒரு சின்ன வீட்டில் நாலு வருஷம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்து போய்ச் சேர்ந்தார்.

கடைசியாக வருகிறவர் கேட்டை மூட வேண்டும். இங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். கடைசியாக வந்தது வெர்னன். என் சமையலறையில் நின்றுகொண்டு அவனே சொன்னான். "இனிமே இந்த வாசல்ல காலை வைக்காதே" என்றேன். வைக்கவில்லை. என் கொழுந்தன் முகத்தை நான் பார்த்து இருபத்தேழு வருஷம் ஆகப் போகிறது. டெரிக்கின் அடக்கத்தன்று கல்லறை மதிலுக்கு வெளியே யாரோ தொப்பியோடு நின்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

17 பிப்ரவரி, வெள்ளி

எல்லா இடத்திலும் அறை நிரம்பிவிட்டது. இரண்டாம் நாள் ராத்திரிக்கு இரண்டு கட்டில் உள்ள அறை ஒரே ஒரு வீட்டில்தான் கிடைக்கிறது. கெல்பெக்கில்! பெரில் என் முகத்தைப் பார்க்காமல் போனிலேயே பதிவு செய்துவிட்டாள். கோபத்தில் அவளுக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்பினேன். அரை மணி கழித்து நானே போன் செய்தேன். சரி, ஒரு ராத்திரிதானே. பண்ணைப் பக்கம் தலையைத் திருப்பாமல் போய்விடலாம்.

3 மார்ச், வெள்ளி

கெல்பெக் வீட்டுக்காரம்மா போன் செய்தார். ஓடைக்கரைப் பாதையைப் பூட்டிவிட்டார்களாம். பண்ணையைப் புதிதாக வாங்கியவர்கள் கீழ்வயல் கேட்டில் சங்கிலி போட்டு 'தனியார் நிலம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மெயின் ரோட்டில் நாலு மைல் சுற்றி வர வேண்டும்.

பெரிலுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! பல்லு பிடுங்கினால்கூட மூச்சு விடாதவள், பாதையைப் பூட்டினார்கள் என்றதும் சாமி ஆடுகிறாள். "இருபது வருஷம் யாரும் தடுக்காம ஜனங்க நடந்திருந்தா அது ஊர்ப் பாதைடி. சட்டம் அப்படித்தான் சொல்லுது. பூட்டுறதுக்கு இவங்க யாரு?" உடனே அந்த ஊர்ப் பாதைகளைக் கவனிக்கிற ஹோல்கேட் என்பவரைப் பிடித்துவிட்டாள். அந்தப் பாதையில் நடந்தவர்களிடம் நாலு வருஷம் முன்பிருந்தே சாட்சிப் படிவம் வாங்கி வைத்திருக்கிறாராம். அடுத்த மாதம் விசாரணை. யார் வேண்டுமானாலும் போய் அந்தப் படிவங்களைப் படிக்கலாம். புதன்கிழமை போகிறோம். நான் பெரிலுக்குத் துணை, அவ்வளவுதான்.

8 மார்ச், புதன்

டெரிக்கின் கையெழுத்து. கடவுளே.

9 மார்ச், வியாழன்

ராத்திரி தூக்கமே இல்லை. எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

ஊர்க் கூடத்தில் ஒரு நீல ஃபைல். பெரில் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஒரு தாளில் நிறுத்தினாள். "நோரீன், இதை நீயே படி." கொட்டை எழுத்தில், மையால், ஒரு அடித்தல் இல்லாமல். அதுதான் டெரிக். அவருக்குப் படிவம் என்றால் வேதம். வருமான வரிக் காகிதத்தை மூன்று பிரதி எடுப்பார்.

தேதி 2019. யாருடன் நடந்தீர்கள்? 'என் தம்பி வெர்னனுடன். 1997 முதல் இந்த ஆண்டு வரை, ஒவ்வொரு மே மாதமும்.'

இருபத்துமூன்று வருஷம்! என்னிடம் ஆபீஸ் நடைக் குழுவோடு போகிறேன் என்பார். நான்தான் சாண்ட்விச் கட்டிக் கொடுப்பேன். "நிறையக் கட்டு நோரீன், வெளிய நடந்தா ரொம்பப் பசிக்குது" என்பார். நானும் மடச்சி மாதிரி இரண்டு ஆளுக்குக் கட்டிக் கொடுத்தேன். வெர்னனுக்கு இருபத்துமூன்று வருஷம் நான் சோறு போட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

அதுவாவது பரவாயில்லை. கீழே இன்னொரு கேள்வி. அந்தக் கேட் எப்போதாவது பூட்டியிருந்ததா?

'இல்லை. 26 மே 1996 அன்றும் பூட்டு இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்று கடைசியாக வந்தவன் நான். கேட்டை மூடாமல் வந்துவிட்டேன். அதனால் என் மாமனாரின் ஏழு கிடாரிகள் இறந்தன. பழியைத் தம்பி ஏற்றுக்கொண்டான்.'

அடியில் 'மேலே கண்டவை அனைத்தும் உண்மை', கையொப்பம்.

அட பாவி மனுஷா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அந்தச் சோற்றையும் தின்றாயே! என்கிட்ட சொல்ல வாய் வரல. எவனோ அச்சடிச்ச காகிதம் கேட்டா மட்டும் உண்மை வருதா உனக்கு? அப்பா செத்தப்ப என் தலையைத் தடவிக்கொண்டு நின்றாயே, அப்பவாவது—

ஹோல்கேட் தேநீர் கொண்டு வந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். ஃபைல் பார்த்த எல்லாருக்கும் தெரியும். நாலு வருஷமாக இது அந்த ஃபைலில் கிடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது.

11 மார்ச், சனி

அவர் போட்டோவைத் திருப்பி வைத்தேன். மத்தியானம் எடுத்து நேராக வைத்தேன். ராத்திரி மறுபடி திருப்பி வைத்தேன்.

14 மார்ச், செவ்வாய்

ஹோல்கேட் போன் செய்தார். ரொம்பத் தயங்கினார். டெரிக்கின் படிவம்தான் இருப்பதிலேயே வலுவானது, இருபது வருஷத்தைத் தாண்டுவது அது ஒன்றுதானாம். ஆனால் எழுதியவர் உயிரோடு இல்லை. கூட நடந்தவர் வந்து ஆமாம் என்று சொன்னால்தான் நிற்கும். வெர்னனைக் கேட்டால், வரவே மாட்டேன் என்கிறானாம்.

"இன்னொன்னும் சொல்லிடறேன்மா. விசாரணையில அதை வரி வரியா வாசிப்பாங்க. ஊரே உட்கார்ந்திருக்கும். நீங்க வேண்டாம்னா அந்தத் தாளை எடுத்துடறேன். பாதை போனா போகட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்னத்தை யோசிப்பது? எடுத்துவிட்டால் டெரிக் நல்லவராகவே இருப்பார். வெர்னன் எப்போதும்போல மாட்டைக் கொன்றவனாகவே சாவான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அந்தப் பழியைச் சுமத்தியது யார்? இந்த வாய்தான்.

25 மார்ச், சனி

வெர்னன் வீட்டுக்குப் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். பதினாலு மைல்தான், இத்தனை வருஷமும் பதினாலே மைல்.

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். தலை முழுக்க நரைத்திருக்கிறது. டெரிக்கின் காது, டெரிக்கின் மூக்கு. "அண்ணி" என்றான்.

"படிவத்தைப் பார்த்துட்டேன்" என்றேன்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "எழுதாதேன்னு சொன்னேன் அண்ணி. கேட்டானா அவன்? 'கையெழுத்துப் போடற காகிதத்துல பொய் எழுத மாட்டேன்டா'ன்னான். கிறுக்கன்."

"நீ ஏண்டா சொல்லலை? என் எதிர்ல நின்னு நான்தான்னு சொன்னியே!" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அன்னிக்கு நீங்க போட்ட சத்தத்துல அவன் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பாப் போச்சு. உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போனா என்ன? நான் வேற வீட்டுல இருக்கிறவன். அவனைப் பிடிக்காமப் போனா அவன் எங்க அண்ணி போவான்?"

கம்பத்தில் இடித்தால்கூடக் கம்பத்திடம் ஸாரி சொல்கிற ஊர்க்காரி நான். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவன் கெட்டிலைப் போட்டுவிட்டு, பால் விடலாமா, சர்க்கரை எத்தனை என்று மூன்று தடவை கேட்டான்.

கிளம்பும்போது சொன்னேன்: "விசாரணைக்கு வா. வாசிக்கட்டும்."

"அவன் பேரு கெட்டுப் போகும் அண்ணி."

"இருபத்தேழு வருஷமா உன் பேரு கெட்டுக் கிடக்கே, அதுக்கு யாரு கவலைப்பட்டா?"

வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

26 மார்ச், ஞாயிறு

ஹோல்கேட்டிடம் தாளை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரில் மே மாத அறைகளை ரத்து செய்துவிட்டாள். "லாரிக்கு அடியில நடக்க நான் வரலை. பாதை திறந்தா போவோம்."

18 ஏப்ரல், செவ்வாய்

கூடம் நிறைந்திருந்தது. அப்பாவிடம் வேலை பார்த்த கிழவர் ஒருவரும் காதுக் கருவியோடு முன் வரிசையில். வெர்னன் கடைசி நிமிஷத்தில் வந்து கதவோரம் நின்றான். டை கட்டியிருந்தான்.

வாசித்தார்கள். ஏழு கிடாரிகள் என்ற இடத்தில் அந்தக் கிழவர் காதுக் கருவியைத் திருகினார். எனக்கு முகம் தீயாக எரிந்தது. தரையைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நிலக்காரர்களின் வக்கீல் வெர்னனைக் கேட்டார்: "இது உண்மையா?" அவன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். "உண்மைதான்" என்றான்.

அப்புறம் யாரும் கூப்பிடாமலே எழுந்துவிட்டேன். பெரில் என் ஸ்கர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "நான் அந்தப் பண்ணைக்காரரோட பொண்ணு. எங்கப்பா அந்தப் பாதையில யாரையும் தடுத்ததில்லை. அவ்வளவு மாடு செத்த பிறகும் பூட்டுப் போடலை."

வெளியே அந்தக் கிழவர் நேராக வெர்னனிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை.

20 ஜூலை, வியாழன்

கடிதம் வந்தது. ஊர்ப் பாதைதான். சங்கிலியை எடுக்க வேண்டும். பெரில் போனில் போட்ட கூச்சலில் என் காது போயிற்று.

டெரிக்கின் போட்டோ நேராகத்தான் இருக்கிறது. மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. தினமும் திட்டுகிறேன். முன்பும் திட்டினேன்தான், வேறு காரணங்களுக்கு.

12 செப்டம்பர், செவ்வாய், கெல்பெக்

இரண்டாம் நாள். எட்டரை மைல். கால் கட்டை விரலில் கொப்புளம். தூறல்தான், மழை என்று சொல்ல முடியாது.

மூன்று பேர் வந்திருக்கிறோம். வெர்னனுக்கு மாடியில் தனி அறை. மத்தியானம் ஓடைக்கரையில் சாண்ட்விச்சைப் பிரித்தேன். ஒரு கடி கடித்துவிட்டு, "ஊறுகாய் இன்னும் ஜாஸ்திதான் போடறீங்க. வருஷா வருஷம் நினைப்பேன், யார்கிட்ட சொல்றது?" என்றான். பெரில் சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

கீழ்வயல். இப்போது அதில் ஆடுகள். பெரில் முன்னால் போய்விட்டாள். நான் கேட்டைத் திறந்து அந்தப் பக்கம் போய் நின்றேன். வெர்னன் பின்னால் வந்தவன், கையை மழைக்கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நான் இதைத் தொடறதில்லை அண்ணி. அவன்தான் கடைசியா வருவான். அவனே மூடுவான். ரெண்டு தடவை ஆட்டிப் பார்ப்பான். பாதி தூரம் போய்த் திரும்பி வந்தும் பார்ப்பான்."

இருபத்துமூன்று மே மாதங்கள். நான் வீட்டில் மிச்சச் சீஸைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

"ஸாரி வெர்னன்" என்றேன். இவ்வளவு சுலபமாகவா வந்தது! அவன் ஓடைப் பக்கம் பார்த்தான்.

"இன்னிக்கு நீதான் கடைசி. மூடிட்டு வா" என்றேன்.

பையிலிருந்து கையை எடுத்தான். கேட்டை இழுத்தான். கொண்டி விழுந்தது. ஒரு தடவை ஆட்டிப் பார்த்தான்.

"மூடியாச்சு அண்ணி."

"தெரியும்" என்றேன். "பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்."