ஜிப் வைக்காத பூட்ஸ்

சதுரங்கப்பட்டினம்
திங்கட்கிழமை

அன்பு மகன் தௌசிஃபுக்கு அம்மாவின் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நாங்கள் இருவரும் சுகம், உன் சுகத்துக்கும் துஆ செய்கிறேன். எனக்குத்தான் தமிழ் எழுதப் படிக்க வராதே, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஹனியா எழுதுகிறாள். போனில் பேசியிருக்கலாம், ஆனால் இது அவளைப் பற்றிய சங்கதி, போனைக் கொடுத்தால் உம் கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாள். நாளை துபாய் புறப்படும் சுபஹான் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை செய்யூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பத்தொன்பது முடியப்போகிறதே என்று நானும் வரச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்றவர்கள், மத்தியானம் ஜும்ஆ முடிந்த கையோடு வாசலில் நிற்கிறார்கள். உள்ளே போனால் இவள் முழங்கால்வரை பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறாள். இவளோடு பத்தாவது படித்த கல்பாக்கத்து வைஷாலி, சென்னையில் காஸ்ப்ளே என்று ஒரு விழா, கார்ட்டூனில் வருகிறவர்கள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு போகலாம், முகமூடி போட்டுகினா நீ யாருன்னே தெர்யாதுடி என்றாளாம். உடனே, எனக்கு உடம்புக்கு முடியாமல் போய் இவள் படிப்பை நிறுத்தியபோது பரணில் போட்ட ஸ்கூல் ஷூவை இறக்கி, ஆட்டோ சீட்டு ரெக்ஸினை மேலே சுற்றி ஒட்டியிருக்கிறாள். காலில் மாட்டியபடி ஒட்டினால்தான் அளவு பிடிக்குமாம், பசை காய்ந்ததும் பின்னால் வெட்டி ஜிப் வைக்க வேண்டுமாம். இழுத்தேன், கழலவில்லை. கத்தரிக்கோலை எடுத்தால் காலை மடக்கிக்கொள்கிறாள். வேறு வழியில்லாமல் துப்பட்டாவைக் காலில் போர்த்திப் பாயில் உட்கார வைத்தேன். எய்ந்து நாலு தப்படி நடம்மா என்றார் பையனின் தாயார். இவள் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழவே இல்லை. பொண்ணு லட்சணமா கீது, காலுலதான் இன்னாவோ கீது, மறைக்கிறாங்க என்று தெருமுனைவரை பேசிக்கொண்டே போனார்களாம்.

இந்த வெள்ளி மறுபடி வருகிறோம், வெறுங்காலோடு நடந்து காட்டட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சரி என்றால் சந்தை ஆடு மாதிரி நடத்திக் காட்ட வேண்டும், வேண்டாமென்றால் கால் ஊனம் என்ற பேச்சு நிலைத்துவிடும், எனக்குத் தூக்கமே இல்லை. அன்று அவர்கள் போனதும் பூட்ஸை நான்தான் வெட்டிக் கழற்றினேன். அப்போதுதான் அழுதாள், கோணலா வெட்டிட்டியேம்மா, ஜிப் எப்படி நிக்கும் என்று. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சம்மதமா என்று மூன்று நாளாகக் கேட்கிறேன், வாயைத் திறப்பதில்லை. அதனால் இதற்குக் கீழே அவளே எழுதட்டும், என்னால்தான் படிக்க முடியாதே. நீ படித்துவிட்டு எனக்குச் சொல், அதையே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, எனக்கு வேண்டாம். கால் ஊனம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். அம்மா முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வரவில்லை. விழாவுக்கு அனுப்பச் சொல்லியும் நீயே கேள். கோணலை நேராக்கி ஜிப் வைத்துவிட்டேன், இப்போது நானே மாட்டி நானே கழற்றலாம்.

எழுதிவிட்டாளாம், காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டிருக்கிறாள். எதுவானாலும் நான் கோபப்பட மாட்டேன் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்வானாக. வியாழனுக்குள் போன் செய்ய மறந்துவிடாதே.

உன் அம்மா
சம்சாத் பேகம்
(எழுதியது ஹனியா)