இரண்டாவது சீசனும் மூன்று ஓலைகளும்

அக். 4, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வேலை பார்க்கும் மருந்துக்கடையில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு மத்தியானமே பஸ் ஏறினேன். இன்று அந்த ஜப்பான் கார்ட்டூனின் இரண்டாவது சீசன், எபி. 1.

முதல் சீசன் முழுக்க ஜெபினோடுதான். கொயர் பிராக்டீஸ் முடிந்து சர்ச் படியில், அவன் போனில், ஆளுக்கொரு இயர்போன். கடைசி எபிசோட் அன்று சொன்னான்: "அடுத்த சீசன் வரட்டு மக்கா. இவன் அவகிட்ட வாயத் தொறந்து சொல்லுவான் பாரு." சொல்லும்போது போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அதை நம்பி மூன்று வருடம். பெண் பார்க்க வந்த இரண்டு பேரைச் சாக்கு சொல்லி அனுப்பியாயிற்று.

எபிசோட் மகா மோசம். நூடுல்ஸ் கடைப் பையனும் குடைக்கடைப் பெண்ணும் கை பிடிக்கும் வரை வந்தவர்கள். இப்போது பையன் முதல் நாள் பார்த்தவன் போல நலம் விசாரிக்கிறான். வரைந்த கம்பெனியும் மாறிவிட்டதாம். குடைக்காரி கண்ணில் உயிரே இல்லை.

ஜெ.க்கு மெசேஜ்: பாத்தியா? நீல டிக். அதோடு சரி.

அக். 18, சனி

மழை. கரண்ட் இல்லை. போனில் மிச்சமிருந்த சார்ஜில் எபி. 3. கடற்கரை, நீச்சலுடை, தர்பூசணி. கதை ஓர் அங்குலம் நகரவில்லை. போதாததற்குப் புதிதாக ஒருத்தி. பையனின் சின்ன வயதுத் தோழியாம். இத்தனை நாள் எங்கே இருந்தாளோ.

பிராக்டீஸில் ஜெ.யிடம் கேட்டேன்.

"ரெண்டோட விட்டேன் மக்கா. போரு. இனி நேரமும் இல்ல கேட்டியா."

"போகப் போக நல்லா வரும். கொஞ்சம் பொறு." அந்தக் குப்பைக்கு நான் வக்காலத்து.

வீட்டில் வந்து அழுதேன். அம்மா கதவருகே: "இருவத்தெட்டு வயசாச்சு. பொம்மப் படம் பாத்து கரையுதா. எனக்க தலவிதியாக்கும்."

வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், குடைக்குக் கம்பி, அம்மாவின் பிரஷர் மாத்திரை.

நவ. 2, ஞாயிறு

நல்ல வெயில். ஆராதனையில் செயலாளர் மாமா அறிவிப்பு வாசித்தார். பெண்கள் கூட்டம். அறுப்பின் பண்டிகை ஏலம். பிறகு கல்யாண ஓலை. நம் சபை ஜெபினுக்கும் வெள்ளறடை சபைப் பெண் ஒருத்திக்கும். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், இது முதலாம் முறை.

கொயரில் ஆண்களின் டெனர் வரிசையில் அவன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவப்பு.

அடுத்த பாட்டில் வெறுமனே வாயசைத்தேன்.

சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன்.

நவ. 9, ஞாயிறு

இரண்டாம் ஓலை. வெளியே செருப்பு போடும் இடத்தில் அவனைப் பிடித்துவிட்டேன்.

"ஒரு வார்த்த சொல்லல்லியே ஜெபினே."

"எனக்க மாமன் கொண்டுவந்த கல்யாண ஆலோசன. சட்டுனு முடிஞ்சிது." செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "நீயும் ஒண்ணும் சொல்லல்லியே. நீ சொல்லுவேன்னு நான் காத்துட்டு இருந்தேனாக்கும்."

குடையை விரித்தேன், மடக்கினேன்.

"இனியும் ஒரு ஓல உண்டு," என்றான். மெதுவாக. போய் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டான்.

என்ன அர்த்தம்? நான் எழுந்து நின்று தடை சொல்ல வேண்டுமாம். இவன் குனிந்து பாட்டுப் புத்தகம் புரட்டுவானாம். கோழை. அந்த வெள்ளறடைக்காரி என்ன பாவம் செய்தாள்? எனக்கு அவன்தான் வேண்டும். அதுதான் இன்னும் கேவலம்.

நவ. 15, சனி

இடி. எபி. 7. ரயில்வே கேட். பையன் கடைசியில் வாயைத் திறந்தான், ரயில் வந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சப்டைட்டிலிலும் வெறும் புள்ளிகள். போனைக் கட்டிலில் எறிந்தேன்.

கமெண்டில் ஊர் உலகமே திட்டுகிறது. நானும் எழுதினேன்: இவனைச் செருப்பால் அடிக்கணும். அழித்துவிட்டேன். யாரை அடிப்பது.

ஜெ. நம்பரை எடுத்தேன். வைத்தேன். திரும்ப எடுத்தேன். என்ன சொல்ல?

நவ. 16, ஞாயிறு

மழை விட்டும் விடாமலும். செயலாளர் மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அறிவிப்புத் தாளை என் கையில் திணித்தார். "நல்லா வாசிப்பியே மோளே. நீயே வாசி."

மறுக்க என்ன காரணம் சொல்ல? போய் நின்றேன். ஜெபின் பெயர், அவன் அப்பா பெயர். அவள் பெயர், அவள் அப்பா பெயர். இது மூன்றாம் முறையும் கடைசி முறையும். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்.

நிமிர்ந்து பார்த்தேன். அவனும் பார்த்தான். வழக்கமாக மாமா இந்த இடத்தில் நிறுத்துவதை விட அதிக நேரம் நின்றேன். பக்கத்தில் மாமா இருமினார். ஜெ. தலையைக் குனிந்துகொண்டான்.

தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது. வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கொயர் பிராக்டீஸ், கல்யாணப் பாட்டுகள், எல்லோரும் தவறாமல் வரவும். அதையும் வாசித்தேன்.